அறைத் தோட்டத்துக்கு எந்த விதை?

இரண்டாமாண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவி

மண்ணின்றிப் பயிரில்லை என்பது நம் முன்னோர் நம்பிய முடிவு. அந்த முடிவை அசைத்துப் பார்த்த பெருமை நம் வீட்டுச் சட்னிக்குப் போகும் புதினாவுக்கு உண்டு என்றால் நம்புவீர்களா? 1699-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்னும் அறிஞர் புதினாக் கிளைகளைக் கண்ணாடிக் குப்பிகளில் நிறுத்தி, மழைநீர், ஊற்றுநீர், தேம்ஸ் ஆற்றுநீர், மண் கரைத்த நீர் என்று வெவ்வேறு நீரில் வளர்த்து எடைபோட்டுப் பார்த்தார். மண் கரைத்த நீரில் நின்ற புதினாவே அதிகம் வளர்ந்தது. பயிர் உண்பது நீரை மட்டுமன்று, நீரில் கரைந்த மண்ணின் சத்தையும்தான் என்பது அன்று விளங்கியது. பிறகு 1860-களில் ஜெர்மனி நாட்டுச் சாக்ஸும் நாப்பும் அந்தச் சத்துகள் இன்னின்ன உப்புகள் என்று வகுத்தார்கள். 1937-இல் கலிபோர்னியாவின் கெரிக் அந்த முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை அச்சில் ஏற்றினார். நம் நாட்டில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946-இல் காலிம்போங்கில் இதைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் எளிய மனிதரும் செய்யத்தக்கதாக அவர் வகுத்த வழிக்கு வங்காள முறை என்றே பெயர்.

எளிய மனிதர் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வரும் பருவத்தில் நம் துறையின் செய்முறைக் கூடத்தை ஒட்டிய சிறிய அறையில் முப்பது துளைகள் கொண்ட ஒரு நீர்வளர்ப்புத் தொட்டி அமைக்க வேண்டும் என்று மாணவரிடையே பேச்சு எழுந்துள்ளது. தலைக்கு நூறு ரூபாய் போடுவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நூறு ரூபாய்தானே என்று எண்ணலாம். நம்மில் பாதிப்பேர் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கொடுத்து இந்தக் கல்லூரிக்குள் வந்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயில்தான் என் போன்றோரின் ரயில் சீட்டும் ரெக்கார்டு நோட்டும் அடக்கம். அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு தொட்டியில் போடுகிறோம் என்றால் அதில் என்ன முளைக்கப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தொட்டியைப் பற்றி எனக்குச் சச்சரவில்லை. விதையைப் பற்றித்தான் பேச வந்தேன். பேச்சில் அடிபடும் பட்டியல் இது: பட்டர்ஹெட் லெட்யூஸ், ரொமேய்ன் லெட்யூஸ், சிவப்பு இலை லெட்யூஸ், பார்ஸ்லி, தைம், இத்தாலிய பேசில். படங்களைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் படம் எங்கே எடுக்கப்பட்டது, தொட்டி எங்கே வைக்கப்படுகிறது? தாம்பரத்தில் அல்லவா!

லெட்யூஸ் குளிர்நாட்டுக் குடிமகன். நம் மாநிலத்திலேயே அது மகிழ்ந்து வளரும் இடம் நீலகிரி. அதன் விதையைப் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்றிக்ஸ் ஆகியோரும் உடனுழைத்தோரும் 'கிராண்ட் ராப்பிட்ஸ்' என்னும் லெட்யூஸ் ரகத்தின் விதைமேல் சிவப்பு ஒளியையும் தொலைசிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாகக் காட்டியது சிவப்பானால் விதை முளைத்தது, தொலைசிவப்பானால் உறங்கிவிட்டது. பைட்டோகுரோம் என்னும் நிறமி அகப்பட்ட கதை அதுதான். தேர்வுக்கு இதை எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், இதன் நடைமுறைப் பொருளை மறந்துவிடுகிறோம். லெட்யூஸ் விதையை ஆழப் புதைக்கக் கூடாது. நார்க்கழிவின் மேலே தூவி ஒளி படும்படி விட வேண்டும்.

ஒளியைச் சமாளித்துவிடலாம். வெப்பத்தை என்ன செய்வது? பதினைந்து முதல் இருபது பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் குதித்து முளைக்கும் அதே விதை, முப்பதைத் தாண்டினால் பல ரகங்களில் முளைக்க மறுத்துவிடுகிறது. செத்துப் போவதில்லை, 'இது எனக்கேற்ற காலமன்று' என்று உறங்குகிறது. சித்திரை, வைகாசியில் நம் புறநகர் வீடுகளில் இரவில்கூட அறை முப்பதுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டையிலிருந்து வரும் வகுப்புத் தோழி ஒருத்தி சென்ற கோடையில் வெளிநாட்டுப் படம் போட்ட பொட்டலம் ஒன்றை வாங்கி விதைத்தாள். பாதிகூட முளைக்கவில்லை. முளைத்தவையும் இலை விரியுமுன்னே தண்டு நீண்டு பூவெடுக்க முனைந்தன. கடித்துப் பார்த்தால் வேப்பிலைக்குத் தம்பி. கடைக்காரர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. அந்தக் கடையை விட்டுவிடுவோம்; விதை தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டது.

விதையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்து முளைக்க வைக்கலாமே என்று சிலர் சொல்லக் கேட்டேன். வைக்கலாம், முளைக்கும். ஆனால் முளைத்த பிள்ளையை அதன்பின் எங்கே வளர்ப்பது? தொட்டி நீர் இருபது பாகையில் இருக்கும்போது லிட்டருக்குச் சுமார் ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். முப்பது பாகைக்கு ஏறினால் ஏழரைதான். வேர் மூச்சுத் திணறும் அந்த நேரத்தில்தான் பித்தியம் என்னும் வேரழுகல் நுண்ணுயிரி உள்ளே வருகிறது. இளம் இலையின் ஓரம் கருகுவது வேறு. சுண்ணாம்புச் சத்து இலை நுனிவரை போய்ச் சேராததால் வரும் நோய் அது. புழுங்கும் மூடிய அறையில் இலை நீரை ஆவியாக்குவது குறைவதால், தொட்டியில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தும் நுனிக்கு எட்டுவதில்லை. குளிர்சாதனம் வைத்தால் எல்லாம் தீரும். மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் தின்னும் பெட்டியை நான்கு கட்டுக் கீரைக்காக ஓட்டுவது என்ன கணக்கோ எனக்கு விளங்கவில்லை.

விளக்குக் கணக்கு வேறு, அது தாங்கும். நாற்பது வாட் எல்.இ.டி. விளக்கை நாளுக்குப் பதினான்கு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு முப்பத்து நான்கு யூனிட்டுக்கு உட்பட்டே வரும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் நூறு யூனிட் இலவசம் என்னும் சலுகை 2016 முதல் உண்டு. வாடகை வீட்டில் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் உரிமையாளர்களிடம் இந்தச் சலுகை வந்து சேருவதில்லை என்பது வேறு கதை. அதை எழுதப் புகுந்தால் ஆசிரியர் குழு என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.

இனி நம் கீரைக்கு வருவோம். என் தாய் சேலையூரில் தெருவோரம் கீரை விற்பவர். பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தாத்தா காலத்தில் முடிச்சூர்ப் பக்கம் கீரைப் பாத்தியாக இருந்த நிலமெல்லாம் இன்று மனைகளாகிவிட்டன என்று சொல்லி, விடியுமுன் கட்டுகளை வாங்கி வந்து அடுக்குவார். அவரிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் யாரும்மா வாங்குவாங்க? ஐப்பசி கார்த்திகை மழையில கொத்தமல்லிக் கட்டு என்ன விலை விக்குதுன்னு உனக்குத் தெரியாதா? அதைப் போடச் சொல்லேன்" என்றார். விதை தேர்வதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்கு எந்த நூலிலும் கிடைக்கவில்லை. வெளியே அழுகும் காலத்தில் உள்ளே எது வளருமோ, அதுவே அறைத் தோட்டத்துக்கு உரியது.

ஆனால் அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, எல்லா நாட்டுக் கீரையும் அறைக்குள் வளரும் என்று முழங்கிவிட நான் தயாராக இல்லை. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் அமராந்தஸ் இனம். அவை கரும்பைப் போலச் சி-4 வகை. வெப்பம் ஏற ஏற லெட்யூஸ் போன்ற சி-3 பயிர்கள் ஒளிச்சுவாசத்தில் தம் சம்பாத்தியத்தை வீணடிக்கும்போது, இவை நட்டமின்றி வளர்கின்றன. தாம்பரத்து வெயில் இவற்றுக்குத் தாய்வீடு. ஆனால் அந்த ஆற்றலுக்கு விலை நிறைந்த ஒளி. மங்கலான விளக்கடியில் வைத்தால் தண்டு நூலாய் நீண்டு சாயும். ஒளி குறைந்த இடத்தில் இலைகளில் நைட்ரேட் தேங்குவதும் உண்டு. ஆகவே கீரை விதைக்குரிய இடம் மொட்டை மாடியும் தெற்கு நோக்கிய சன்னலோரமும். அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி மானிய விலையில் கொடுத்துவந்த மாடித் தோட்டத் தொகுப்பில் நார்க்கழிவுப் பைகளோடு விதைப் பொட்டலங்களும் வைத்தது அந்த அறிவோடுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்னும் ரகத்துக்குக் கிளிக்கீரை என்றும் பெயர். வேரோடு பிடுங்காமல் இருபதாம் நாள் முதல் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். மீண்டும் மீண்டும் துளிர்க்கும். துளை எண்ணிக்கை குறைவாக உள்ள தொட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? கூடத்தின் வெளித் தாழ்வாரத்தில் வெயில் விழும் பக்கத்தில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம்.

அறைக்குள்ளே எதற்கு இடம்? என் எண்ணத்தில் முதலிடம் வெந்தயத்துக்கு. மளிகைக் கடையில் வாங்கிய வெந்தயமே மூன்று நாளில் முளை காட்டும். மூன்று நான்கு வாரத்தில் கீரை. அடுத்தது கொத்தமல்லி. அதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் விதை என்று சொல்லும் தனியா, இரண்டு விதைகள் ஒட்டிய கனி. உருட்டுக் கட்டையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். லெட்யூஸைப் போலன்றி இதை மூடி விதைக்க வேண்டும். கோடையில் இதுவும் விரைவில் பூத்துவிடும் என்பதை மறைக்கக் கூடாது. ஆடிக்குப் பிறகு மாசி வரைக்கும் இதன் காலம்.

இத்தாலிய பேசில் என்று பட்டியலில் உள்ளதே, அதன் இனத்தைச் சேர்ந்ததுதான் நம் திருநீற்றுப்பச்சிலை. நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா என்று கேட்டால் கொடுப்பது அதன் விதை. நீரில் போட்டால் வழவழப்பாய் உப்பும் அந்த விதை, தேர்ந்தெடுத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். வெப்பத்தை அது விரும்பும். மணம் இத்தாலிய ரகத்தை அப்படியே ஒத்திராது. பீட்சாவுக்கு எதிர்பார்ப்பவர் ஏமாறலாம். நம் நோக்கம் பீட்சாவன்று. ஆனால் உணவுக்கென விற்கும் எந்த விதைக்கும் முளைப்பு உறுதி கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். விதைக்கென விற்பவற்றில் சில, திரம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசிச் சிவப்பு அல்லது பச்சைச் சாயம் ஏற்றப்பட்டவை. முளைவிட்டதும் பறித்து உண்ணும் இளங்கீரை வளர்க்க நினைப்பவர் அவற்றைத் தொடவே கூடாது.

புதினாவுக்கு விதை வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள். புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை மூன்றும் தண்டு ஒடித்து நட்டால் போதும். அதிலும் வல்லாரை நிழலைப் பொறுக்கும் கீரை. அறை விளக்குக்கு ஏற்றது. சந்தையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வாங்கும் கட்டில் ஒரு கணுவோடு கூடிய தண்டை ஒதுக்கி நீரில் வைத்தால் வாரத்தில் வேர் வெள்ளையாய்த் தெரியும். உட்வர்ட் செய்ததும் இதுதானே!

விதையைப் பொட்டலமாக வாங்குவதென்றால், படத்தை விட்டுவிட்டு அச்செழுத்தைப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் இதற்காகவே வந்தது. அறிவிக்கப்பட்ட ரக விதைக்கு முளைப்புத் திறன், தூய்மை, சோதித்த நாள் ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்குப் பச்சை என்று அட்டைக்கே நிறம் உண்டு. பெரிய பையைப் பிரித்து நெகிழிப் பையில் பத்துப் பத்தாகப் போட்டு விற்கும் பொட்டலத்தில் இவற்றுள் ஒன்றும் இராது. ஐம்பது விதை உள்ள பொட்டலம் அறுபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விதை ஒன்று ஒன்றேகால் ரூபாய்க்குள் அடங்குகிறது என்று தோன்றும். அதில் இருபதுதான் முளைத்தால் செடி ஒன்று மூன்று ரூபாய். சோதித்த நாள் இல்லாத பொட்டலத்தில் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை. நூறு விதையை ஈரக் காகிதத்தில் பரப்பி, முளைத்ததை எண்ணிப் பார்க்க நமக்குக் கூடம் இருக்கிறது, கை இருக்கிறது. ஆசிரியர்கள் இதை ஒரு செய்முறை வகுப்பாகவே வைத்துவிட்டால் என்ன?

சேமிப்பும் அதே அளவு முக்கியம். விதையின் ஈரம் ஒரு சதவிகிதம் குறைந்தாலும், வைக்கும் வெப்பம் ஐந்து பாகை குறைந்தாலும் அதன் ஆயுள் இருமடங்காகும் என்பது ஹாரிங்டன் என்பவர் வகுத்த பொதுவிதி. கடற்காற்றின் ஈரம் நிறைந்த நம் புறநகரில் பிரித்த பொட்டலத்தை மேசை இழுப்பறையில் போடுவது விதையைக் கொல்வதற்குச் சமம். பார்ஸ்லி, வெங்காயம் போன்றவற்றின் விதை இயல்பிலேயே ஆயுள் குறைந்தவை. களிமண் உருண்டையாகப் பூசி விற்கும் லெட்யூஸ் விதை கையாள எளிது; ஆனால் வெறும் விதை அளவுக்கு நாள் தாங்காது.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். லெட்யூஸ் ஒரு கிலோ கீரைக்கட்டைவிடப் பன்மடங்கு விலை போகிறது. படித்து முடித்ததும் நாமே இப்படி வளர்த்து உணவகங்களுக்கு விற்கலாம். அதற்குப் பயிற்சி இப்போதே வேண்டாமா என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த விலை இலைக்கு மட்டும் கிடைப்பதன்று; குளிர்ந்த அறைக்கும் குளிர்ந்த வண்டிக்கும் ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுப்பதற்கும் சேர்த்துக் கிடைப்பது. முப்பது துளையில் அதைக் கற்க முடியாது. முப்பது துளையில் கற்கக்கூடியது முளைப்பு, உப்பளவு, அமிலநிலை, வேரின் நலம். இவற்றைச் சாகாத பயிரில் கற்றுக்கொண்டு, பிறகு சாகக்கூடிய பயிருக்குப் போவதே முறை. உப்பளவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. லெட்யூஸுக்குச் சத்து கரைத்த பின்னும் மின்கடத்துதிறன் 0.8 முதல் 1.2 வரைதான் இருக்க வேண்டும் என்கிறார்கள். சத்து போடுமுன்னே நீர் அந்த அளவில் நின்றால் எதைக் கரைப்பது? அடுக்குமாடியில் சுத்திகரித்த குடிநீர்க் கேனை வாங்கி ஊற்றுவார்கள். நாம் கல்லூரித் தொட்டியின் மழைநீரைத் தேக்கி வைப்பதே நலம். நார்க்கழிவையும் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கிண்ணத்தில் இட வேண்டும். அதிலும் உப்பு உண்டு.

ஆகவே என் கோரிக்கை இதுதான். முப்பது துளையில் பத்து வெந்தயத்துக்கு, எட்டு கொத்தமல்லிக்கு, நான்கு திருநீற்றுப்பச்சிலைக்கு, நான்கு வல்லாரைக்கும் புதினாவுக்கும். மீதி நான்கு துளையில் மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு மட்டும் லெட்யூஸ். அதுவும் உருண்டை கட்டும் ஐஸ்பெர்க் வகை வேண்டாம், விரைவில் பறிக்கத்தக்க தளர்இலை வகை. இரவு வெப்பம் இருபதுகளின் தொடக்கத்துக்கு இறங்கும் அந்த நாட்களில் அது நம்மோடு ஒத்துப்போகும். பைட்டோகுரோம் பாடத்துக்கும் கண்ணெதிரே சான்று கிடைக்கும். தைமும் பார்ஸ்லியும் இந்த ஆண்டு வேண்டாம். மிச்சப்படும் பணத்தில் அமிலநிலையும் உப்பளவும் பார்க்கும் கருவி ஒன்று வாங்கலாம்.

கிளிக்கீரை விதை கோவையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கீரை கொடுக்கும் பெரியவர் பாத்தியின் ஓரத்தில் நான்கு செடியை அறுக்காமல் விட்டு விதை எடுப்பவர். அமராந்தஸில் காற்றால் அயல்மகரந்தச் சேர்க்கையும் நடப்பதால் அது தூய ரகம் என்று நான் உறுதி கூற மாட்டேன். முளைக்கும் என்று மட்டும் கூறுவேன். நூறு எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம். வேண்டுவோர் மாலை ஆறு மணிக்குமேல் சேலையூரில் அம்மாவின் கடைக்கு ஒரு பழைய மருந்துக் குப்பியோடு வரட்டும். குப்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.